பன்னிக்கு இரும்புப் பல் ஏது?

என் செல்வியைப் பெற்ற அப்பாவுக்கு, அடிபட்டுக் கிடந்த என்னைத் தோளில் போட்டு ஓடி வந்த மனுஷருக்கு,

உங்கள் உண்ணாமலை எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் நீங்கள் இல்லை. நானும் சௌக்கியமாக இல்லை. காமாலையில் நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களை நினைத்து அழாத நாள் கிடையாது. போன புதன்கிழமையிலிருந்து அந்த அழுகை நின்றுவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். செல்வி வந்து இறக்கி வைக்கிறாள்.

இந்தக் கடிதத்தை யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். மறைத்தது போதும்.

சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டையை நகர்த்தப் போய் வழுக்கி விழுந்தேன். அடிபட்டது பழைய இடத்தில்தான், வலது இடுப்பில். மழை வந்தால் குடைகிறது என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதே இடம். நாலு நாள் காலை ஊன்ற முடியவில்லை. போன புதன்கிழமை சமையல் ஆயா சண்டை போட்டு என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். டாக்டர் படம் எடுத்து வரச் சொன்னார். தேரடிப் பக்கம் ஒரு எக்ஸ்ரே கடையில் எடுத்தேன். படம் எடுத்த ஆள் ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இன்னாம்மா இது? இடுப்புல ரம்பத்துண்டு வெச்சுக்கினா நடக்கறீங்க?”

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து ஒரு முறை முறைத்துவிட்டு வந்தேன். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் அவரும் அதையேதான் கேட்டார்.

“உள்ள இரும்பு எப்பம்மா ஏறுச்சு?”

“இரும்பு இல்ல சார். கல்யாணமான புதுசுல காட்டுப்பன்னி குத்திடுச்சு. அந்தக் காயம்.”

அவர் சிரிக்கவில்லை. பேனா முனையால் படத்தைத் தொட்டுக் காட்டினார். “பன்னிக்கு இரும்புப் பல் ஏதும்மா?”

பார்த்தேன். என் எலும்பை ஒட்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு துண்டு. அதன் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் பொடிப்பொடியாகப் பற்கள். கருக்கரிவாளின் பற்கள்.

அந்தப் பற்களை எனக்குத் தெரியாதா? என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டு வந்த அரிவாள் அது. நெல் அறுக்கும்போது கல்லில் பட்டு உடைந்தது. “தூக்கிப் போட்டுடாத, இப்படிக் குடு” என்று என் கையிலிருந்து வாங்கினீர்கள். மூன்று துண்டாக்கி, காய்ச்சி, தட்டி, அம்புக்கு முனை செய்தீர்கள். ஊரில் மற்றவர்கள் லாரிப் பட்டை இரும்பைக் கொல்லரிடம் கொடுத்து இலை மாதிரி வழவழப்பாக அடித்து வாங்குவார்கள். பல் வைத்த முனை உங்கள் ஒருவரிடம்தான் இருந்தது. “பல்லு இருந்தாத்தான்டி உள்ள போய்க் கவ்வும்” என்று என்னிடம் எவ்வளவு பெருமை அடித்தீர்கள்! கவ்வத்தான் கவ்வியிருக்கிறது. பதினாலு வருஷமாகக் கவ்விக்கொண்டு கிடக்கிறது.

டாக்டர் ஏதேதோ கேட்டார். என் காதில் எதுவும் ஏறவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் எங்கேயோ நடந்து, தேர்முட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒரு பூக்காரி வந்து “தண்ணி வேணுமாக்கா?” என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

அந்த நாளை உங்களிடமே திருப்பிச் சொல்கிறேன். எங்கேயாவது நான் தப்பாகச் சொன்னால் கனவில் வந்தாவது திருத்துங்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். நமக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மலைக்குப் பின்பக்கத்து நம் ஊரில் அந்த வருஷம் பன்னித் தொல்லை ஜாஸ்தி. மலையிலிருந்து கூட்டமாக இறங்கினால் விடிவதற்குள் கடலையெல்லாம் தோண்டி ஒரு மல்லாட்டைக் கொல்லையையே உழுது போட்டுவிடும். துப்பாக்கி வெடித்தால் சத்தம் கேட்டு ஃபாரஸ்ட் கார்டு வந்து நிற்பார். நாட்டு வெடி வைத்தால் மாடு கடித்து வாய் கிழியும். வில்லுக்குத்தான் சத்தம் கிடையாது.

உங்கள் வில்லை நீங்கள் செய்த அழகு இருக்கிறதே! பொந்து இல்லாத கெட்டி மூங்கிலாகத் தேடி வெட்டினீர்கள். அதை நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் பூசி, தணலில் வாட்டி வளைத்தீர்கள். நாணுக்குக் கற்றாழை நார். அம்புக்கு நாணல் தட்டை, வாலில் பருந்து இறகு, அது பிரியாமல் இருக்க சைக்கிள் டியூபை அறுத்து ஒரு கட்டு. முனையை நூலால் சுற்றி அரக்கு வைத்தீர்கள். பன்னி ஓடும்போது தட்டை கழன்று விழுந்துவிடும், முனை மட்டும் உள்ளே தங்கும். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு அந்த வில்லோடு கொஞ்சிக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

உங்கள் வேட்டைக் கூட்டத்துக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. பன்னியின் காது கண்ணுக்குத் தெரியாமல் நாணை விடக்கூடாது. அடிபட்ட பன்னியை விட்டுவிட்டு வீடு திரும்பக்கூடாது. யார் அம்பு பட்டதோ அவன், அது விழுகிறவரை பின்னாலேயே போய் முடிக்க வேண்டும். காயம்பட்ட பன்னி எதிரே வந்தவரைக் குத்திக் கிழித்துவிடும் என்று பயம். இரண்டாவது கட்டுப்பாட்டை மீறினவனுக்கு வேட்டையிலும் இடமில்லை, ஊரில் மரியாதையும் இல்லை.

கிழக்குக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடிந்திருந்தது. மண்ணுக்குள் தங்கிப்போன காயைத் தோண்டப் பன்னி வரும். அதே காயைப் பொறுக்கத்தான் பொம்பளைகளும் வருவோம். “வெயில் ஏர்ற வரைக்கும் எவளும் அந்தப் பக்கம் வரக்கூடாது” என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு நீங்களும் உங்கள் கூட்டாளி கன்னியப்பன் அண்ணாவும் வில்லோடு போனீர்கள். நீங்கள் சொன்ன பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? வெயில் ஏறினால் மேலத்தெருக்காரிகள் வந்து வழித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கிழக்கு வெளுக்கும்போதே போய்விட்டேன். பனிக்குச் சாக்கை மடித்து முக்காடு போட்டிருந்தேன். முட்டி போட்டுத் தவழ்ந்தபடி மண்ணைக் கிளறினேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

தூரத்தில் பன்னி அலறியது. இன்னும் குனிந்தேன். இடுப்பில் யாரோ கடப்பாரையால் இடித்த மாதிரி இருந்தது. முன்னால் விழுந்து வரப்புக் கல்லில் மண்டை மோதியது. கண்ணைத் திறந்தபோது உங்கள் தோளில் இருந்தேன். “பன்னி குத்திடுச்சு, பன்னி குத்திடுச்சு” என்று நீங்கள் கத்திக்கொண்டு ஓடியது கேட்டது. அந்தக் குரலை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

சாக்குக்குக் காது ஏது? காதைப் பார்க்காமலா விட்டீர்கள்? அத்தனை கெட்டிக்காரர் நீங்கள், எப்படி விட்டீர்கள்?

ஆஸ்பத்திரி வேண்டாம், போலீஸ் வரும், ஃபாரஸ்ட்காரன் வருவான் என்று பச்சிலை வைத்துக் கட்டினீர்கள். நாலு மாதம் கிடந்தேன். என் மலமூத்திரம் எடுத்தீர்கள், தலை வாரினீர்கள், கஞ்சி ஊட்டினீர்கள். புருஷன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரே பேசியது.

கெடுதலை நீங்கள் வேறு இடத்தில் இறக்கி வைத்தீர்கள். அன்று காலை அலறிய பன்னி கன்னியப்பன் அண்ணாவின் அம்பு பட்டது. கட்டுப்பாட்டின்படி அவர் அதைத் துரத்திக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது தெருவே கூடி நின்றது. அவர் அடித்துத் தப்பவிட்ட பன்னிதான் திரும்பி வந்து என்னைக் குத்தியது என்று அதற்குள் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவர் துணி முடிச்சை அவிழ்த்து இரண்டு கோரைப்பல்லைக் காட்டினாராம். “பாறைகிட்டயே முடிச்சிட்டேன். அது இந்தப் பக்கம் திரும்பவே இல்ல” என்றாராம். நீங்கள் அந்தப் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வேற பன்னி” என்றீர்களாம். உள்ளே ரத்தத்தில் கிடக்கிறவளின் புருஷன் சொன்னால் ஊர் வேறு யாரை நம்பும்?

அடப் பாவி மனுஷா! கூடவே பிறந்தது போலத் திரிந்தவனை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது?

அன்றிலிருந்து அவருக்கு “பன்னிய விட்டவன்” என்று பேர். வேட்டையில் சேர்க்கவில்லை, கறியில் பங்கு இல்லை, கோயில் கூழுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. அது போதாதென்று நான் ஒன்று செய்தேன். எழுந்து நிற்க முடிந்த முதல் நாள், நொண்டி நொண்டி அவர் வாசலுக்குப் போனேன். அவர் தன் ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். “என்ன இந்தக் கதிக்கு ஆளாக்கினவன் குடும்பம் மண்ணாப் போவட்டும்!” என்று தூற்றினேன். அவர் குழந்தையின் கண்ணில் மண் விழாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

நான் விழுந்துவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நீங்கள்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரைத் தூற்றுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் கை பிடித்து நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை. காமாலை முற்றி நீங்கள் துடித்தபோது என் இடுப்பைத் தொட்டுத் தொட்டு அழுதீர்கள். நொண்டிக்காரி தனியாக என்ன செய்வாளோ என்று அழுகிறார் என்று நினைத்து, நான்தான் உங்களுக்குத் தைரியம் சொன்னேன். என் மண் உங்கள் தலையில்தான் விழுந்ததோ? இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது?

நீங்கள் வில்லை அடுப்பில் வைத்தபோது எவ்வளவு பேசினேன்! “பொண்டாட்டியக் குத்தின பன்னியப் பழிவாங்கத் துப்பில்ல, பயந்தாங்கொள்ளி” என்று விருந்தாளி முன்னால்கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவீர்கள்.

படம் எடுத்த மறுநாள் கன்னியப்பன் அண்ணாவைத் தேடிப் போனேன். ஊரை விட்டுப் போனவர் செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி டீக்கடை வைத்திருக்கிறார் என்று தெரியும். இத்தனை வருஷம் அந்தக் கடை வந்தால் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இரண்டு வெள்ளைக்காரர்கள் பெஞ்சில் சம்மணம் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பிறகு, “வா தங்கச்சி, உக்காரு” என்றார்.

படத்தை நீட்டினேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“அவனோடதுதான்” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“அன்னிக்கு சாயங்காலமே தெரியும். பழி சொல்லிட்டானேனு கொல்லைக்குப் போய்ப் பாத்தேன். முனையில்லாத தட்டை கெடந்துச்சு. ரத்தம், அவன் கட்டின பருந்து எறகு. கொண்டுபோய் அவன் கையிலயே குடுத்தேன். கால்ல வுழுந்துட்டான்மா. மச்சானுங்க நாலு பேரும் வெட்டிப் போட்டுடுவானுங்க, அவ எழுந்து நடக்கட்டும், ஒரு வருஷம் பொறுத்துக்க, நானே பஞ்சாயத்துல சொல்லிடறேன்னான்.”

“நான் மண்ணு வாரினப்ப சொல்லியிருக்கலாமேண்ணா!”

“வாக்குக் குடுத்துட்டேனே. அதுவும் இல்லாம, அவன் மூஞ்சியப் பாத்தேன். நான் சொல்றதுக்கு முந்தி அவனே சொல்லிடுவான்னு நெனச்சேன்.” அண்ணா டம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசினார். “ஒரு வருஷம் போச்சு. அப்பறம் உனக்குச் செல்வி பொறந்தா, கைக்கொழந்த இருக்குது, இப்ப வேணாம்னான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்திக்கினு வந்து இங்க உக்காருவான். டீ குடிப்பான். அடுத்த மாசம் சொல்லிடறேன்டாம்பான். மொதல்ல திட்டினேன். அப்பறம் அதையும் வுட்டுட்டேன். டீ மட்டும் போட்டுக் குடுத்தேன்.”

உங்களுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! விரதம் என்று அன்றைக்குப் பொங்கலும் வடையும் செய்து வைத்தேனே!

அதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். அவளுக்கு என் மேல் இருக்கும் கோபத்துக்கு என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“இப்ப எதுக்குமா வந்த? எம் பொண்ணு அம்சாவுக்கு ரெண்டு எடம் வந்து நின்னு போச்சு. பொம்பள மண்ணு வாரித் தூத்தின வூடு, அந்த வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு போயிட்டாங்க. இப்ப மூணாவது எடம். செங்கத்துக்காரங்க. அவங்க காதுலயும் உங்க ஊர்க்காரங்க யாரோ ஓதிட்டாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம் நடக்குமோ நடக்காதோ தெரில. உன் மண்ணு இன்னும் எங்க வாசல்லதான் கெடக்குது.”

அம்சா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அன்றைக்கு மண் விழாமல் பொத்திய அந்தக் கண்கள்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பாவத்தை அந்தப் பெண் சுமந்துகொண்டு நிற்கிறாள். நான் அண்ணியின் கையைப் பிடித்து அழுதேன். புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அழுகை வந்தது.

“நான் வந்து சொல்றேன் அண்ணி. தூத்தினது தப்புன்னு எல்லாருக்கும் முன்னால சொல்றேன். ஆனா தாலியறுத்தவ நான், நல்ல காரியத்துல வந்து நிக்கலாமா?”

“நீ வந்து நின்னாத்தான் தட்டே மாத்துவாங்க. வா.”

“அண்ணா மேல தப்பில்லன்னு சொல்லிடறேன்.”

“அவரு இல்லன்னா பின்ன யாருன்னு கேப்பாங்க இல்ல?” என்றாள் அண்ணி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்தது நீங்கள். அதை வெளியே எடுத்தால் உங்கள் பேர் கெடும். செத்தவரைக் கேவலப்படுத்துகிறாள், நல்ல பெண்டாட்டி என்று சிரிப்பார்கள். என் அண்ணன் தம்பிகள் உங்கள் சமாதிப் பக்கம்கூட வரமாட்டார்கள். செல்விக்கு நேற்று சொல்லிவிட்டேன். அப்புறம் வந்து என் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் வலிக்குதாம்மா?” என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஊருக்குச் சொல்லவேண்டாம், என் அண்ணன் தம்பிக்குச் சொல்லவேண்டாம், எனக்குச் சொல்லியிருக்கலாமே? என்ன செய்துவிடப் போகிறேன்? பத்து நாள் பேசாமல் இருந்திருப்பேன். தட்டை நங்கென்று வைத்திருப்பேன். அப்புறம் உங்களை இழுத்துக்கொண்டு நானே பஞ்சாயத்துக்குப் போயிருப்பேன், நானே என் அண்ணன் தம்பி காலில் விழுந்திருப்பேன். சாக்குப் போட்டுக்கொண்டு போன முட்டாள் நான்தானே என்று சொல்லியிருப்பேன். அம்பு விட்டதை நான் மன்னித்துவிட்டேன், சத்தியமாக மன்னித்துவிட்டேன். “இது வேற பன்னி” என்றீர்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை மன்னிக்க வேண்டியது நானும் இல்லை.

வெள்ளிக்கிழமை போகிறேன். எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். செங்கத்துக்காரர்களும் இருப்பார்கள், நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் அம்பு விட்டார் என்று சொல்கிறேன் என்று அண்ணியிடம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். இன்று பதில் வந்தது. “வூட்டுக்காருன்னா பத்தாது. பேரச் சொல்லணும். பதினாலு வருஷமா ஊரு எங்க வூட்டுக்காரு பேரச் சொல்லித்தானே ஏசுச்சு.”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டின நாளிலிருந்து உங்கள் பேரை நான் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடைக்காரன் கேட்டாலும் பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்லச் சொல்வேன். திருப்பதிக்குப் போனால்கூட அந்த மலையின் பேரைச் சொல்லாமல் “மேல போய்ட்டு வந்தோம்” என்பேன். நீங்கள் செத்த பிறகும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் எந்தப் பெண்டாட்டிதான் சொல்வாள்?

காலையிலிருந்து யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பாதியில் அழுகை வந்துவிடுகிறது. ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப் போட்டதை நான் தள்ளிப் போடமாட்டேன். வெள்ளிக்கிழமை அந்த வாசலில் நின்று, கடைசி வரிசையில் இருக்கிறவன் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன்: கன்னியப்பன் அண்ணா எந்தப் பன்னியையும் விடவில்லை. அம்பை விட்டது என் புருஷன் ஏழுமலை.

அப்பவும் இப்பவும் உங்கள் பெண்சாதிதான்,
உண்ணாமலை